கடன் கொடுக்கிற கம்பெனிக்கு என்ன விலை?

சந்தைக்கே வராத பங்குகளுக்கு விலை சொல்வது என் தொழில்.

டிவியின் அடியில் நாள் முழுக்கப் பங்கு விலை ஓடுகிறதே, அந்தக் கம்பெனிகளுக்கு நான் தேவையில்லை. எனக்கு வாய்த்தவை மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிற சின்ன ஃபைனான்ஸ் கம்பெனிகள். அரிசி மில்லுக்கும் மருந்துக்கடைக்கும் லேத் பட்டறைக்கும் கடன் கொடுத்து, வருகிற வட்டியில் வாழ்பவை. அப்படி ஒரு கம்பெனியின் பங்கு என்ன பெறும் என்று யாராவது கேட்டால் நான் கணக்குப் பார்த்துச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். பெரும்பாலும் குடும்பம் பிரியும்போதுதான் கேட்பார்கள். இதில் கஷ்டம் என்னவென்றால், அந்தக் கம்பெனியிடம் சொத்து என்று இருப்பதெல்லாம் ஊரார் "தாரேன்" என்று சொன்ன பேச்சு மட்டும்தான். அந்த ஊராரின் கடை ஓடுமா என்று தெரியாமல் பங்குக்கு விலை சொல்ல முடியாது. கடை ஓடுமா என்பது கடைக்காரருக்கே தெரியாது.

வீட்டுத் தரகர்களே, விடைத்தாள் திருத்துகிறவர்களே, நகையை உரசிப் பார்த்து விலை சொல்கிறவர்களே, ஒரு எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு அது சரிதானா என்று வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருக்கிற சகல ஜனங்களே, நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரியும்.

மாடி வாடகைக்கு

திருநகரில் ஆபீஸ் போட இடம் தேடியபோது ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆன ஒருவரின் வீட்டு மாடி காலியாக இருந்தது. என்ன தொழில் என்று கேட்டார். சொன்னேன். "பங்குக்கு விலையா? கூட்டம் வருமா?" என்றார். "வராது சார், எப்பவாவது ரெண்டு பேர் வருவாங்க." "சத்தம்?" "கால்குலேட்டர் சத்தம்கூடக் கேக்காது சார்." அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அட்வான்ஸைக்கூடக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

முதல் மாதமே ஒரு கம்பெனியின் பங்குதாரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். இருவரும் சகலைகள். மேலே என் முன்னால் மரியாதையாகக் காபி குடித்தார்கள். "அண்ணன் சொன்னாச் சரிதான்" என்று ஒருவர், "தம்பி இஷ்டம்தான்" என்று மற்றவர். படிக்கட்டில் பாதி இறங்கியதும் தம்பி அண்ணனின் சட்டைக் காலரைப் பிடித்தார். யாரோ ஒருவருடைய செருப்பு பறந்துபோய் வீட்டுக்காரரின் செம்பருத்திச் செடியில் விழுந்தது. மறுநாள் காலையில் வீட்டுக்காரர் மேலே வந்தார். கோபமாகத் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "கால்குலேட்டர் சத்தம் கேக்கலம்மா, அதுல உங்களக் குறை சொல்ல முடியாது. அட்வான்ஸ மட்டும் பழையபடி ஆக்கிருவமா?"

பேசாத பங்குதாரர்

செக்கானூரணிப் பக்கம் தோட்டமும் உரக்கடையும் வைத்திருக்கிற ஒருவர் மனைவியோடு வந்தார். மச்சினன் சொன்னான் என்று ஏதோ ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் கொஞ்சம் பங்கு வாங்கிப் போட்டிருக்கிறார். மகள் கல்யாணத்துக்கு அதை விற்க வேண்டும். பேசியதெல்லாம் மனைவிதான். அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் விளக்கினேன். கம்பெனியில் பெரிய பங்கு வைத்திருப்பவர் யாருக்குக் கடன் கொடுப்பது, லாபத்தை எப்போது பிரிப்பது என்றெல்லாம் முடிவு செய்வார். சின்னப் பங்கு வைத்திருப்பவர் கூட்டத்தில் கை தூக்கினாலும் தூக்காவிட்டாலும் ஒன்றுதான். அதனால் சின்னப் பங்கை வாங்குகிறவர்கள் ஐந்தில் ஒரு பங்கு கழித்துத்தான் விலை கொடுப்பார்கள். அந்தம்மாவுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "எல்லாரும் போட்டது ஒரே மாதிரி ரூவாதான? இதுல என்ன சின்னவுக பெரியவுக?" என்று என்னோடு மல்லுக்கு நின்றார். நானும் எழுந்து நின்று, போர்டில் படம் போட்டு, அழித்து, மறுபடி போட்டேன். கடைசியில் அவர் காலண்டரில் இருந்து கண்ணை எடுத்து, அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தார்: "கம்பெனியில நம்ம பேச்சு எடுபடாதுன்னு அம்புட்டுத்தான் கழிக்கிறாக. வீட்டுல எடுபடாததையும் கணக்குல சேத்தா, வாங்குறவனுக்கு நான்தான் மேல காசு தர வேண்டியிருக்கும், வா போவோம்."

தங்கச்சிக்குச் சொன்னது

பிரான்சிஸ், ஜெசிந்தா என்று அண்ணன் தங்கை. அவர்களுடைய அப்பா கோரிப்பாளையத்தில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி ஆரம்பித்து, சின்ன வியாபாரிகளுக்குக் கடன் கொடுத்து, நல்ல பெயரோடு போய்ச் சேர்ந்தவர். பெரிய பங்கு மகனுக்கு; கம்பெனியை நடத்துவதும் அவர்தான். சின்னப் பங்கு மகளுக்கு. ஜெசிந்தா ஒரு மிஷன் ஸ்கூலில் டீச்சர். ஒத்தக்கடையில் வீடு கட்ட ஆரம்பித்து, சுவர் எழும்பி, மேல்தளம் போடப் பணம் இல்லாமல் நின்றுவிட்டது. மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. தன் பங்கை அண்ணனுக்கே விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தார். என்ன விலை என்பதில் மனஸ்தாபம் வரக்கூடாது; கிறிஸ்துமஸுக்கு ஒரே மேஜையில் உட்கார வேண்டியவர்கள். அதனால் இருவரும் சேர்ந்தே என்னை நியமித்தார்கள். நான் எழுதுகிற விலையை இருவரும் ஒத்துக்கொள்வது என்று பேச்சு.

முதலில் பிரான்சிஸ் வந்தார். ஃபைனான்ஸ் கம்பெனி நடத்துகிறவர்கள் யாரும் தங்களிடம் கடன் வாங்கியவர்களைப் பற்றி என்னிடம் குறை சொன்னதே இல்லை. எல்லாருமே நல்ல பார்ட்டி, எல்லாமே வந்துவிடும். பிரான்சிஸ் அப்படி இல்லை. நான் ஒவ்வொரு பெயராக வாசிக்க, "அது வராது மேடம்", "அது சந்தேகம்தான்", "அவர மறந்துருங்க" என்று சொல்லிக்கொண்டே போனார். ஒரே ஒரு கடனைத்தான் அவர் நம்பினார். இருப்பதிலேயே பெரிய கடன் அது, ஒரு பைப் கம்பெனிக்குக் கொடுத்தது. "ராஜாங்கம் என்கூடப் படிச்சவன். அது தங்கம் மேடம்" என்றார். எனக்கு உறுத்தியது. போன வருஷம் கம்பெனிக்குக் கடன் கேட்டு பேங்க்கில் அவர் எழுதிக் கொடுத்ததில் இதே ஆட்கள் எல்லாருமே நல்ல பார்ட்டிகள். அதை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பிரான்சிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ரொம்பப் பொறுமையாகச் சொன்னார்: "அது பேங்க்குக்குச் சொன்னது மேடம். இது தங்கச்சிக்கு."

ஃபேன் ஆடுகிறது

என்னோடு வேலை பார்க்கிற முருகேசன், காகிதத்தை நம்புகிற மனுஷர். கணக்கு வந்திருக்கிறது, ஆடிட்டர் கையெழுத்து இருக்கிறது, ஃபார்முலா இருக்கிறது. போட்டுப் பார்த்தால் விலை வந்துவிடும் என்பது அவருடைய வாதம். அது தப்பென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு உட்காரத் தெரியாது. ஒரு கடன் வருமா வராதா என்கிற இடத்தில் பேனா நின்றுவிட்டால், கால் எழுந்துவிடும். ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடப்பேன். டீ சொல்லிவிட்டு, வந்த டீயைக் குடிக்காமல் நடப்பேன். பிரான்சிஸ் போன பிறகு அன்றைக்கு முழுக்க அப்படித்தான். அண்ணன் பொய் சொல்கிறார் என்று தெரிகிறது. எதில் எவ்வளவு பொய் என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் கூரையில்லாத ஒரு வீடு மழைக்குக் காத்துக்கொண்டு நிற்கிறது.

"பெரிய கடனா ரெண்டு மூணு இடத்த நேர்ல பாத்துட்டு வந்துரவா, முருகேசன்?" என்று கேட்டேன். அவர் தலை நிமிராமல் ஸ்கூட்டர் சாவியை மேஜையில் என் பக்கமாகத் தள்ளினார். "போயிட்டு வாங்க மேடம். நீங்க இங்க நடக்குறதுல கீழ வீட்டுக்காரரோட ஃபேன் ஆடுதாம், ரெண்டு தடவ சொல்லிட்டுப் போயிட்டாரு."

பைப் கம்பெனி

ஒத்தக்கடை தாண்டி மேலூர் ரோட்டில் இருந்து உள்ளே திரும்ப வேண்டும். வருகிறேன் என்று முன்கூட்டியே போனில் சொல்லியிருந்தேன். நான் போய் இறங்கும்போது இரண்டு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. காது அடைக்கிற சத்தம். சாம்பல் நிறப் பைப் நீள நீளமாக வந்து விழ, ஆட்கள் வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பிரான்சிஸ் தங்கம் என்று சொன்னது சரிதான் என்று தோன்றியது. ராஜாங்கம் வெள்ளைச் சட்டையில், சிரித்த முகத்தோடு, டீ வரவழைத்தார். நான்தான் உட்கார மாட்டேனே. டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஷெட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனேன்.

பின்னால் இரண்டு பேர், முன்னால் வெட்டி அடுக்கிய அதே பைப்புகளை அரவை மெஷினில் போட்டுப் பொடியாக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொடி சாக்கில் ஏறி மறுபடி முன்பக்கம் போனது. கழிவுப் பைப்பை அப்படி அரைப்பது எல்லா இடத்திலும் உண்டு. ஆனால் இவை இப்போதுதான் செய்த முழுப் பைப்புகள். மூலப்பொருள் வைக்கிற ஷெட்டில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. லாரி வந்து நிற்கிற இடத்தில் புல் முளைத்திருந்தது. திரும்பினால் ராஜாங்கம் நின்றுகொண்டிருந்தார். சிரிப்பு இல்லை. உள்ளே பார்த்துக் கையைக் காட்டினார், மெஷின்கள் நின்றன. பிறகு அவராகவே சொன்னார்.

பெரிய ஆர்டர் கொடுத்த பில்டர் பாதியில் கையை விரித்துவிட்டாராம். அதற்குப் பிறகு வேலையே இல்லை. தவணையை மட்டும் எப்படியோ புரட்டிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். "பிரான்சிஸ் சாருக்குத் தெரியாதா?" என்றேன். "பக்கத்துப் பெஞ்சுல உக்காந்து படிச்சவன் மேடம். அவன் மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்ல?" நான் இதை எழுதியாக வேண்டும் என்றேன். எழுதுங்கள் என்றார்; தன் வாயால் சொல்ல வேண்டியதில்லை என்பதில் அவருக்கு ஒரு நிம்மதிகூட இருந்த மாதிரி தெரிந்தது. ஸ்கூட்டர் வரைக்கும் கூடவே நடந்து வந்தார். "நீங்க வாரீங்கன்னுதான் மெஷினப் போட்டோம். நீங்க தெனமும் வந்தா கம்பெனி பொழச்சுக்கும் மேடம்."

சீசன்

"அவர மறந்துருங்க" என்று பிரான்சிஸ் சொன்ன ஆட்களில் ஒருவர் ஜாபர் பாய். கல்யாண மேடை அலங்காரம் செய்பவர். கோரிப்பாளையத்தில் ஒரு சந்துக்குள் அவருடைய குடோன். உள்ளே போனால் தங்க பெயிண்ட் அடித்த சிம்மாசனங்கள், ஃபைபர் யானைகள், ஆள் உயர மயில்கள். யானைக்குத் தும்பிக்கை உடைந்திருந்ததை ஒட்டிக்கொண்டிருந்தார். கடன் ஒழுங்காகக் கட்டாத ஆளுக்குரிய பயமோ பணிவோ அவரிடம் இல்லை. "ஏன் பாய், நடுநடுவுல தவணை நின்னுபோகுது?" என்று கேட்டேன்.

பசை காய்கிற வரைக்கும் தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டே பதில் சொன்னார். ஆடியில் கல்யாணம் கிடையாது. மார்கழியில் கிடையாது. நோன்பு மாதத்தில் அவருடைய ஜமாத்திலும் நிக்காஹ் வைக்கமாட்டார்கள். மற்ற மாதங்களில் தூங்க நேரமிருக்காது. அப்போது விட்டதையும் சேர்த்துக் கட்டிவிடுவார். பழைய கணக்கையெல்லாம் புரட்டிப் பார்த்திருந்தேன். அவர் சொன்னது அப்படியே சரி. பிரான்சிஸின் அப்பா காலத்தில் அந்த மாதங்களில் இவரைக் கேட்கவே மாட்டார்களாம். இப்போது ஆபீஸில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள். அது தேதி தவறினால் உடனே போன் போடச் சொல்கிறது. பாய்க்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. தும்பிக்கையை மெதுவாக விட்டுப் பார்த்தார், நின்றது. "ஆடி மாசத்துல இந்தத் தொழில்காரன ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்கம்மா. மறக்காமக் கூப்பிடுறது பிரான்சிஸ் சார் ஆபீஸ் மட்டும்தான், அல்லா அவங்கள நல்லா வைக்கணும்."

கூட்டிப் பார்த்தால்

இப்படி இன்னும் சில இடங்களுக்கு அலைந்துவிட்டு வந்து உட்கார்ந்து கணக்கைப் போட்டேன். வராது என்று அண்ணன் சொன்ன கடன்களில் முக்கால்வாசி வரக்கூடியவை. தங்கம் என்று சொன்னது பெரும்பாலும் போய்விட்டது. ஏறியதும் இறங்கியதும் கழிந்து, கடைசியில் வந்து நின்ற விலை, தங்கைக்காகப் பிரான்சிஸ் குறைத்துச் சொன்னதற்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. முருகேசனைத் தனியாக ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொன்னேன். அவருக்கும் அதுவே வந்தது.

பிரான்சிஸை வரச் சொன்னேன். விலையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "நான் சொன்னதுதான மேடம் வந்துருக்கு?" என்றார். வராது என்று அவர் சொன்னதில் ஜாபர் பாய் முதற்கொண்டு முக்கால்வாசிப் பேருடையது நல்ல கடன்தான் என்று சொன்னேன். அவர் லேசாக நெளிந்தார். அது அவருக்குத் தெரிந்த சங்கதிதானே. பிறகு பைப் கம்பெனியைப் பற்றிச் சொன்னேன். புல் முளைத்ததையும் நாய் படுத்திருந்ததையும் சொன்னேன். அவர் போனை எடுத்தார், பெயரைத் தேடினார், கூப்பிடாமல் மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். ராஜாங்கத்தின் மகனுக்கு ஞானஸ்நானத் தகப்பன் இவர்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தும் சட்டை நனைந்திருந்தது. கவிழ்த்த போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னார்: "தங்கச்சிக்காகச் சொன்ன பொய் மேடம். அது எனக்கே பலிச்சுருச்சே."

டீச்சர் கேட்டது

மறுநாள் ஸ்கூல் விட்டு நேராக ஜெசிந்தா டீச்சர் வந்தார். தோள்பையில் திருத்தாத பேப்பர் கட்டு துருத்திக்கொண்டிருந்தது. என் ரிப்போர்ட்டை முதல் பக்கத்தில் இருந்து கடைசி வரைக்கும் படித்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான். மற்றவர்கள் கடைசிப் பக்கத்தில் விலையைப் பார்ப்பதோடு சரி. படித்து முடித்து, காகிதங்களை ஓரம் ஒழுங்காகத் தட்டி வைத்தார். விலையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "கம்பெனி நல்லா இல்லன்னு அண்ணன் ஆரம்பத்துலயே என்கிட்டச் சொன்னான். அது நெசம்னா எனக்குக் கவலை. பொய்னா வருத்தம். எதுன்னு நீங்க சொல்லுங்க."

எழுந்து ஜன்னல் வரைக்கும் போய் வந்தேன். அவரும் எழுந்துவிட்டார். இரண்டு பெண்கள் ஒரு சின்ன அறையில் எதிரும் புதிருமாக நின்றோம். "சொன்னப்பப் பொய் டீச்சர், இப்ப நெசம்" என்றேன். பேசியபடி அண்ணன் முழுப் பங்கையும் வாங்கியாக வேண்டும். அதற்குக் கம்பெனியில் இருந்துதான் பணம் எடுக்க வேண்டும்; எடுத்தால் கையிருப்பு வழித்துக்கொண்டு போய்விடும். பைப் கம்பெனி விழுகிற நேரத்தில் அது ஆபத்து. வாங்காவிட்டால் ஒத்தக்கடை வீடு மழையில் நனையும். இரண்டையும் அவருக்கு விளக்கிச் சொன்னேன். எதைச் செய்யலாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை; அது என் வேலையும் இல்லை. டீச்சர் பையை மாட்டிக்கொண்டார். "அப்ப கவலைக்கும் வருத்தத்துக்கும் சேத்து ஒரே தடவையா அழுதுக்கிறேன். ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லுறேன் மேடம்."

ஒத்தக்கடை

டீச்சர் எடுத்த முடிவை நான் எதிர்பார்க்கவில்லை. மேல்தளத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அந்த அளவு பங்கை மட்டும் அண்ணனுக்கு விற்றார். மிச்சத்தை வைத்துக்கொண்டார். அதற்குப் பதிலாகத் தன்னையும் கம்பெனியில் டைரக்டராகச் சேர்க்க வேண்டும் என்றார். பிரான்சிஸ் மறுக்கவில்லை, மறுக்கிற நிலையிலும் இல்லை. முதல் கூட்டத்திலேயே டீச்சர் ராஜாங்கத்தை வரவழைத்து, அண்ணனைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, ஒரு வகுப்புப் பையனை விசாரிக்கிற மாதிரி ஆதியோடந்தமாகக் கேட்டாராம். ஒரு மெஷினை விற்பது, முன்பக்க ஷெட்டை வாடகைக்கு விடுவது, மிச்சக் கடனுக்குத் தவணையை நீட்டுவது என்று முடிவானது. ஒரு பகுதி வராது. அதை வராது என்றே கணக்கில் எழுதினார்கள். ராஜாங்கமும் பிரான்சிஸும் கொஞ்ச காலம் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தார்கள் என்று கேள்வி.

வேறொரு வேலையாக ஒத்தக்கடைப் பக்கம் போனபோது டீச்சர் வீட்டுக்கு வரச் சொன்னார். பூச்சு வேலை ஆகாத சுவர்களுக்கு மேல் புதிதாகக் கான்கிரீட் போட்ட தளம். மாடியில் நின்று அதற்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் பிரான்சிஸ். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் டியூபோடு. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அவர் இறங்கி வந்ததும் கீழே சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து டீ குடித்தோம். அவர்கள் உட்கார்ந்தார்கள், நான் நின்றேன் என்று சொல்ல வேண்டும். கம்பெனி எப்படிப் போகிறது என்று கேட்டேன். பதிலை அண்ணன் சொல்வார் என்று நினைத்தேன். அவர் கரண்டை வரை நனைந்த காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர்தான் சொன்னார், அவர் காதில் விழுகிற மாதிரியே: "அண்ணன் இப்ப உள்ளத உள்ளபடி சொல்லுறான் மேடம். கேக்கத்தான் பயமா இருக்கு."

இந்தத் தொழிலில் விலை சொல்கிறவளுக்கு இருக்கிற ஒரே ஆறுதல், சொன்ன விலை தப்பு என்று நிரூபிக்க யாராவது ஒருவர் அந்தக் கம்பெனியைக் காசு கொடுத்து வாங்கியாக வேண்டும் என்பதுதான்.